நான்கு நியூத்திரன்கள் முறிகண்டியில் இறங்குமா?

போன தவணை வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். திருப்பி வாங்கியபோது ஒரு பிள்ளையின் தாளில் ஐதரசனுக்கு இடப்பக்கம், ஓரத்து வெள்ளை இடத்தில், பென்சிலால் ஒரு பெட்டி கூடுதலாக இருந்தது. உள்ளே அணுவெண் 0. “சேர், புரோத்தன் ஒண்டும் இல்லாம நியூத்திரன் மட்டும் சேர்ந்து நிண்டா, அது எந்தப் பெட்டி?” என்று கேட்டாள். கிளிநொச்சியில் மாலை வகுப்பு, மணி ஆறரை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாலைந்து பேர் புத்தகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு சொல்கிறேன் என்று தப்பினேன். அந்தப் ‘பிறகு’தான் இது.

பெட்டி போட்ட முதல் ஆள் அவள் இல்லை. 1926 இல் அந்திரியாஸ் வொன் அந்திரோப்பொவ் என்ற இரசாயனவியலாளர் ஐதரசனுக்கும் முன்னால் அணுவெண் பூச்சியத்துக்கு ஓர் இடம் ஒதுக்கி, அதற்கு நியூத்திரோனியம் என்று பெயரும் வைத்தார். அப்போது நியூத்திரன் என்ற துணிக்கையே கண்டுபிடிக்கப்படவில்லை. ஜேம்ஸ் சாட்விக் அதைக் கண்டுபிடித்தது 1932 இல். பிள்ளை பிறக்க ஆறு வருடத்துக்கு முன்பே தொட்டில் கட்டிய கதை.

நியூத்திரனைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது தனியே நீண்ட நேரம் வாழாது என்பது. கருவுக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை; உங்கள் கையில் இருக்கும் காபனிலும் ஒட்சிசனிலும் உள்ள நியூத்திரன்கள் உலகம் உருவாகுமுன்பே இருந்தவை. ஆனால் கருவை விட்டு வெளியே வந்த நியூத்திரன் சராசரியாக 880 செக்கன் அளவில் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் எதிர்நியூத்திரினோவாகவும் உடைந்துவிடும். கிட்டத்தட்ட கால் மணித்தியாலம். கிளிநொச்சியில் ஏறி முறிகண்டியில் இறங்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தனியே நிற்காவிட்டால் இன்னொரு நியூத்திரனோடு சேர்ந்து நிற்கலாமே? மின்னேற்றம் இல்லை, ஆகவே ஒன்றையொன்று தள்ளாது. கருவிசையோ இழுக்கிறது. பிறகு ஏன் ஒட்டுவதில்லை?

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும் சேர்ந்தால் தியூத்திரன், அதாவது பார ஐதரசனின் கரு. அதைப் பிரிக்க ஏறத்தாழ 2.2 மெகா இலத்திரன் வோல்ற்று சக்தி வேண்டும். (இந்த நீளப் பெயரை இனி மெ.இ.வோ. என்று சுருக்குகிறேன். சாதாரண கருக்களில் ஒரு துணிக்கையைப் பிடித்துவைத்திருக்கும் சக்தி சராசரியாக 8 மெ.இ.வோ. அளவு, அதோடு ஒப்பிட்டால் தியூத்திரன் மெலிந்த பிடிப்புத்தான்.) தியூத்திரனில் இரண்டு துணிக்கைகளின் கறங்கலும் (பம்பரம்போலச் சுழல்வதாக நினைக்கக்கூடிய ஒரு பண்பு, ஆங்கிலத்தில் spin) ஒரே திசையில் இருக்கும். அப்படி இருக்கும்போதுதான் கருவிசை நன்றாக இழுக்கும். ஆனால் இரண்டும் நியூத்திரன் என்றால் பௌலியின் தவிர்க்கை விதி குறுக்கே வந்துவிடும்: ஒரே வகைத் துணிக்கைகள் இரண்டு, ஒரே கறங்கலோடு, ஒரே நிலையில் இருக்கக்கூடாது. ஆகவே அவை எதிரெதிர்க் கறங்கலோடுதான் கிட்ட வரலாம். அந்த நிலையில் இழுவை சற்றுக் குறைவு. கட்டுப்படுவதற்கு எவ்வளவு போதாமல் போகிறது? ஏறத்தாழ 0.1 மெ.இ.வோ. அளவுக்குத்தான். மரதன் ஓட்டம் முழுக்க ஓடிவந்து நாடாவுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தவனைப் போல, இரட்டை நியூத்திரன் மயிரிழையில் கட்டுப்படாமல் போகிறது.

மயிரிழை என்பதுதான் இத்தனை வருடமாக ஆட்களைத் தூங்க விடாத சொல். இரண்டு மயிரிழையில் தோற்றால், நான்கு சேர்ந்தால் வெல்லாதா?

நான்கு என்று சும்மா சொல்லவில்லை. நியூத்திரன்கள் சோடி சோடியாக இருக்கத்தான் விரும்பும், ஆகவே மூன்றைவிட நான்குக்கு நம்பிக்கை கூட. அப்புறம் ஈலியத்தைப் பாருங்கள். சாதாரண ஈலியம்-4 இல் இரண்டு புரோத்தன், இரண்டு நியூத்திரன். அதோடு ஒரு நியூத்திரனைச் சேர்த்தால் ஈலியம்-5. அது நிற்காது, உடனே உதிர்ந்துவிடும். இரண்டைச் சேர்த்தால் ஈலியம்-6, அது நிற்கும். ஈலியம்-7 நிற்காது. நான்கைச் சேர்த்தால் ஈலியம்-8, நிற்கும். அதுவும் ஈலியம்-6 இன் இரண்டு நியூத்திரன்களைக் கழற்றுவதைவிட, ஈலியம்-8 இலிருந்து இரண்டைக் கழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். எங்கள் அம்மம்மா வீட்டு மூன்று கல் அடுப்பு நினைவுக்கு வருகிறது. இரண்டு கல்லில் பானை நிற்காது, மூன்றாவதை வைத்தால் நிற்கும், எந்த ஒன்றை எடுத்தாலும் கஞ்சி மண்ணில். ஈலியம்-6 அந்த அடுப்புத்தான்: நடுவில் உள்ள ஈலியம்-4, இரண்டு நியூத்திரன், எந்த இரண்டை மட்டும் சேர்த்தாலும் ஒட்டாது, மூன்றும் சேர்ந்தால் ஒட்டும். இலிதியம்-11 என்ற கருவும் இதே வகை; அதன் வெளி நியூத்திரன்கள் இரண்டும் நடுக்கருவை விட்டு வெகு தூரம் விலகி ஒரு புகைவட்டம்போலத் திரிவதை 1985 இல் இசாவோ தனிஹாத்தா குழுவினர் அளந்து காட்டினார்கள்.

ஆகவே ஈலியம்-8 என்பது ஈலியம்-4 ஐச் சுற்றி நான்கு நியூத்திரன்கள். நடுவில் இருப்பதை ஒரே சுண்டில் தட்டி எடுத்துவிட்டால்? இந்த ‘சுண்டு’க்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நான்கு நியூத்திரன்கள் “சேர்ந்து இருக்கின்றன” என்றால் என்ன பொருள்? ஏ-9 வீதியில் போகிற எவருக்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தெரியும். சாரதி பஸ்ஸை நிறுத்துவார், சனம் இறங்கிக் கும்பிடும், தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கும், பிறகு ஏறிப் போய்விடும். இப்போது மூன்று விதமான பயணிகளை நினைத்துப் பாருங்கள். முறிகண்டியிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர் ஒரு வகை. பௌதிகவியலில் இதைக் கட்டுண்ட நிலை என்போம். இறங்கிக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுபவர் இரண்டாம் வகை. நிரந்தரம் இல்லை, ஆனாலும் கடந்து போவதற்குத் தேவையான நேரத்தைவிடக் கூடுதலாக நின்றார், இது பரிவு நிலை. பிரேக்கே போடாமல் கடந்து போகிற சொகுசு வாகனக்காரர் மூன்றாம் வகை. நான்கு நியூத்திரன்கள் முதல் வகையா, இரண்டாம் வகையா, மூன்றாம் வகையா? அறுபது வருடங்களுக்கு மேலாகத் தேடுவது இதற்கான பதிலைத்தான்.

முதல் வகை என்றுதான் தொடக்கத்தில் ஆசைப்பட்டார்கள். 1963 இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில், அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போது இப்படி ஒரு கட்டு தெறித்து வருகிறதா என்று தேடினார்கள். வந்தால், வழியில் வைத்த பொருள்களில் அது மோதி, வேறு வழியில் உருவாக முடியாத சில சமதானிகளை உருவாக்க வேண்டும். உருவாகவில்லை. 1965 இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் வேறொரு தந்திரம்: ஈலியம்-4 மீது மறை ஏற்றமுள்ள பையோன் துணிக்கையை மோதவிட்டு, நேர் ஏற்றமுள்ள பையோனாக அது வெளியே வருகிறதா என்று பார்ப்பது. அப்படி வந்தால் அது ஈலியத்தின் இரண்டு புரோத்தன்களின் ஏற்றத்தையும் கொண்டுபோய்விட்டது, உள்ளே நான்கும் நியூத்திரன். கெட்டித்தனமான யோசனை. அதிலும் கைக்கு எதுவும் அகப்படவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் இது ஒரு ஓரத்து விஷயமாகவே கிடந்தது.

நியூத்திரனைப் பிடிப்பதே ஒரு தலையிடி என்பதையும் சொல்ல வேண்டும். மின்னேற்றமுள்ள துணிக்கை போகிற வழியெல்லாம் அணுக்களிலிருந்து இலத்திரன்களைத் தட்டிக்கொண்டு போகும், சுவடு கிடைக்கும். நியூத்திரன் பூனை மாதிரி. அது ஒரு புரோத்தனில் நேராக முட்டினால் மட்டும், அந்தப் புரோத்தன் துள்ளி ஓடி, தான் ஓடிய இடத்தை மினுங்க வைக்கும். அதற்கென்றே மினுங்கும் வகைப் பிளாஸ்ரிக்கையோ திரவத்தையோ பெரிய சுவராக அடுக்கி வைப்பார்கள். முட்டாமலே ஊடுருவிப் போகிற நியூத்திரன்கள் நிறைய. மூன்றில் ஒன்றுதான் முட்டும் என்று வைத்தால், நான்கும் ஒருமிக்க முட்டுவதற்கு வாய்ப்பு 81 இல் ஒன்று. அது போதாதென்று, ஒரே நியூத்திரன் ஓரிடத்தில் முட்டி, தெறித்துப் போய் இன்னோரிடத்திலும் முட்டி, இரண்டு பேர் வந்ததாகக் கள்ளக் கணக்குக் காட்டும்.

2002 இல் பிரான்ஸின் கான் நகரில் உள்ள கனில் ஆய்வுகூடத்திலிருந்து வந்த செய்திதான் விஷயத்தை மறுபடி கிளப்பியது. மிகேல் மார்க்கேஸும் கூட்டாளிகளும் பெரிலியம்-14 கருக்களை ஓர் இலக்கில் மோதவிட்டார்கள். பெரிலியம்-14 என்பது பெரிலியம்-10 உம் நான்கு நியூத்திரனும். உடையும்போது நான்கும் ஒரே கட்டாக வந்தால் எப்படித் தெரியும்? சைக்கிள் ஒன்று வந்து நிற்கிற சைக்கிளில் இடித்தால், இடிபட்டது இடித்ததின் வேகத்துக்கு மேல் போகாது. அதே வேகத்தில் வந்த லொறி இடித்தால் சைக்கிள் லொறியைவிட வேகமாகத் தூக்கி எறியப்படும். அதேபோல, தனி நியூத்திரன் முட்டினால் கருவியில் உள்ள புரோத்தனுக்குப் போகக்கூடிய சக்தி அதிகபட்சம் அந்த நியூத்திரனின் சக்தி அளவுதான். அதே வேகத்தில் நான்கு பேர் கட்டாக முட்டினால் அதைப்போல இரண்டரை மடங்கு வரை போகலாம். (இது உயர்தரப் பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடிய கணக்கு. உந்தக் காப்பும் சக்திக் காப்பும் போதும். செய்து பாருங்கள், 2.56 வரும்.) அப்படி மிஞ்சிய சக்தியோடு 6 நிகழ்வுகள் கிடைத்தன.

ஆறே ஆறு. அதுவும் இரண்டு நியூத்திரன்கள் தற்செயலாக ஒரே கருவியில் ஒரே நேரம் விழுந்தாலும் இதே அடையாளம் தெரியும். அதைக் கழித்துத்தான் சொல்கிறோம் என்று அவர்கள் சொன்னாலும் எல்லோருக்கும் மனம் ஆறவில்லை. 2003 இல் ஆர்கோனில் இருந்த ஸ்டீவன் பைப்பர் கணினிக் கணக்கொன்று போட்டார். நான்கு நியூத்திரன்கள் கட்டுப்படும்படி கருவிசையைத் திருத்தினால், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த மற்றக் கருக்களின் கணக்கெல்லாம் குழம்பிப் போகிறது. ஒரு சுவரைத் தூக்க வீட்டையே இடிப்பதுபோல. ஆகவே முறிகண்டியில் வீடு கட்டிய நியூத்திரன்கள் இல்லை என்றார். ஆனால் அதே கட்டுரையில் அவர் ஒரு சின்னக் கதவைத் திறந்தும் வைத்தார்: 2 மெ.இ.வோ. அளவில் ஒரு பரிவு இருக்கக்கூடும், இருந்தால் அது மிக அகலமானதாக இருக்கும் என்று. இந்த 2 ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காட்சி ஜப்பான். டோக்கியோவுக்கு அருகில் வக்கோ என்ற இடத்தில் உள்ள ரிக்கென் ஆய்வுகூடத்தில், அரிதான கருக்களைக் கற்றையாகச் செய்யக்கூடிய பெரிய ஆர்முடுக்கி இருக்கிறது. அங்கே 2016 இல் வெளியிட்ட முடிவில் ஈலியம்-8 கற்றையை ஈலியம்-4 மீது விட்டார்கள். பறந்து வந்த ஈலியம்-8 இரண்டு புரோத்தனை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இரண்டு நியூத்திரனைக் கொடுத்துவிட்டுப் பெரிலியம்-8 ஆகிப் போனது. இலக்கில் இருந்த ஈலியம்-4 இல் மிஞ்சியது நான்கு நியூத்திரன். பெரிலியம்-8 உடனே இரண்டு ஈலியம்-4 ஆக உடையும். அவற்றைப் பிடித்து அளந்தார்கள். 4 நிகழ்வுகள் கிடைத்தன. நான்கு நியூத்திரன்களின் சக்தி கட்டுண்ட எல்லைக்கு மேல் 0.83 மெ.இ.வோ., ஆனால் பிழை எல்லை அந்த எண்ணைவிடவே பெரிது. கட்டுண்டதா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது சுண்டு.

எங்கள் வகுப்புக்குப் பின்னால் உள்ள சனசமூக நிலையத்தில் ஒரு கெரம் போட் இருக்கிறது. நடுவில் சிவப்புக் காயை வைத்து, அதைச் சுற்றி நான்கு கறுப்புக் காய்களை வையுங்கள். சிவப்புத்தான் ஈலியம்-4, கறுப்புகள் நியூத்திரன். ஸ்ட்ரைக்கரால் சிவப்பை மட்டும் பலமாக அடித்து வெளியே எடுக்க வேண்டும், கறுப்புக் காய்களுக்கு எதுவும் நடந்ததாகத் தெரியக்கூடாது. நானும் பெடியன்களும் ஒரு சனிக்கிழமை இதைச் செய்து பார்த்தோம். காய்கள் ஒட்டி இருந்தபோது ஒவ்வொரு முறையும் கறுப்பு சிதறியது. தூள் போதாது என்றான் ஒருவன், சேருக்குக் கை சரியில்லை என்றான் இன்னொருவன் கொஞ்சம் தள்ளி நின்று. பிறகு கறுப்புகளை ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தோம். சிவப்பு சத்தமில்லாமல் போனது, நான்கும் நின்ற இடத்தில் நின்றன. ஈலியம்-8 க்கும் இதுதான் வாய்ப்பு: அதன் வெளி நியூத்திரன்கள் நடுக்கருவோடு ஒட்டி இல்லை, விலகித் திரிகின்றன.

2022 யூன் மாதம் வெளிவந்த ரிக்கென் பரிசோதனை இந்த அடிதான். ஜேர்மனியின் டாம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெய்தல் டூயர் முதல் பெயராக உள்ள பெரிய பன்னாட்டுக் குழு. முதலில் ஒட்சிசன்-18 ஐ வேகப்படுத்திப் பெரிலியத்தில் மோதி, சிதறிய துண்டுகளிலிருந்து ஈலியம்-8 ஐ மட்டும் காந்தங்களால் பொறுக்கி எடுத்தார்கள். அதன் அரைவாழ்வு ஒரு செக்கனின் எட்டில் ஒன்றுகூட இல்லை; ஒளியின் வேகத்தில் பாதியில் பறப்பதால் அது போதும். பிறகு 5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள திரவ ஐதரசனில் விட்டார்கள். ஐதரசனின் கரு தனிப் புரோத்தன். ஈலியம்-8 உடன் நீங்களும் கூடவே பறந்து பார்த்தால், எதிரே ஒரு புரோத்தன் ஸ்ட்ரைக்கர்போல வந்து நடு ஈலியத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போகும். நான்கு நியூத்திரன்கள் என்ன நடந்தது என்று விளங்காமல் உங்கள் பக்கத்திலேயே நிற்கும்.

அந்த நான்கையும் எப்படிப் பார்த்தார்கள்? பார்க்கவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பெடியனிடம் 1000 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறீர்கள். சீனி வாங்கி வருகிறான், மிச்சக் காசும் தருகிறான். சீனியின் விலை உங்களுக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தால் 40 ரூபாய் இடிக்கிறது. வழியில் ரொபி வாங்கித் தின்றிருக்கிறான். ரொபியை நீங்கள் பார்க்கவில்லை, கடதாசியைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அதன் விலை உங்களுக்கு ரூபாய்க் கணக்கில் தெரியும். இதே கணக்குத்தான். உள்ளே வந்த ஈலியம்-8 இன் சக்தியும் உந்தமும் தெரியும். வெளியே போன புரோத்தனையும் ஈலியம்-4 ஐயும் சாமுராய் என்று பெயரிட்ட பெரிய காந்தத்தின் ஊடாக வளைய விட்டுத் துல்லியமாக அளந்தார்கள். கணக்கில் இடிப்பது நான்கு நியூத்திரன்களுடையது. அந்த இடிக்கும் சக்தியிலிருந்தும் உந்தத்திலிருந்தும் அவற்றின் மொத்தத் திணிவு வரும். அது நான்கு தனி நியூத்திரன்களின் திணிவுக்குக் குறைவாக இருந்தால், கட்டுண்டவை. கூட இருந்தால், கட்டுப்படவில்லை. எவ்வளவு கூட என்பதுதான் கேள்வி.

ஒரு தடவை கணக்குப் பார்த்தால் ஒரு எண் வரும். பல தடவை பார்த்து வரைபு போட்டால்? பிரேக் போடாமல் போகிற நியூத்திரன்களாக இருந்தால் பெரிய அகலமான ஒரு மேடுதான் வரும், அதுவும் வந்தது. ஆனால் அதற்கு வெகு கீழே, பூச்சியத்துக்குக் கிட்ட, தனியே ஒரு கூர் எழுந்து நின்றது. இடம் 2.37 மெ.இ.வோ. அகலம் 1.75 மெ.இ.வோ. குருட்டதிர்ஷ்டத்தால் இப்படி ஒரு கூர் வர வாய்ப்பு 35 இலட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. துணிக்கைப் பௌதிகவியல்காரர் ஐந்து சிக்மா என்று சொல்லும் எல்லையைத் தாண்டியது. இதே கருவியில் இதே அடியை ஈலியம்-6 இலும் அடித்துப் பார்த்தார்கள். அதில் மிஞ்சுவது இரண்டு நியூத்திரன், அதன் நடத்தை ஏற்கெனவே தெரியும். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது வந்தது. தராசு சரி.

அகலத்தைச் சும்மா சொல்லவில்லை. கோயில் மணியை அடித்து விட்டால் நெடுநேரம் ஒலிக்கும், அதன் சுருதியை யாரும் பிடித்துப் பாடலாம். அடித்த உடனே கையால் பொத்தினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அதற்குச் சுருதி சொல்ல முடியாது. நீண்டு நிற்பதற்குச் சுருதி கூர்மை, சட்டென்று அடங்குவதற்குச் சுருதி அகலம். சொட்டுப் (குவாண்டம்) பௌதிகவியலிலும் அப்படித்தான்: குறைந்த நேரம் வாழும் நிலைக்குச் சக்தி அகலமாக இருக்கும். ஆகவே மணிக்கூடு எதுவும் இல்லாமல் அகலத்திலிருந்தே ஆயுளைக் கணக்கிடலாம். பிளாங்கின் மாறிலியை இரண்டு பையால் பிரித்து அகலத்தால் வகுத்தால் போதும். வருவது இதுதான்: ஒரு செக்கனை, 1 க்குப் பின்னால் 22 பூச்சியம் போட்ட எண்ணால் பிரியுங்கள், அந்தத் துண்டில் 3.8 துண்டு.

இந்த எண்ணை மனத்தில் இருத்த முடியாது, நானும் முயன்று விட்டுவிட்டேன். வேறுவிதமாகச் சொல்கிறேன். அந்த நேரத்துக்குள் ஒளியே ஓர் அணுவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் போகும். ஈயத்தின் கருக்களை வரிசையாக அடுக்கினால் எட்டுக் கரு தூரம். ஆனால் கருவுக்குள் நடக்கிற விஷயங்களுக்கு இது அவ்வளவு மோசமான ஆயுள் இல்லை; கச்சான் வாங்கி ஒன்றிரண்டை உடைத்து வாயில் போடும் நேரம்.

சரி, கிடைத்துவிட்டது, பெட்டியைப் பேனாவால் வரையலாம் என்றால், இல்லை.

2023 இல் ரிமாந்தாஸ் லாசௌஸ்காஸ், எமிக்கோ ஹியாமா, ஜௌமே கார்போனெல் மூவரும் கேட்டதை முறிகண்டி மொழியில் சொல்கிறேன். கோயில் முன்றலில் நான்கு பேர் கிட்டக் கிட்ட நிற்கிறார்கள். கூடி நின்று கதைக்கிற கூட்டம் என்று நினைப்பீர்கள். ஆனால் அவர்கள் இரண்டு சோடிகள், ஒரே பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள். கிட்ட நிற்பதற்குக் காரணம் ஒரே பஸ்ஸில் வந்ததும், ஒவ்வொரு சோடிக்குள்ளும் இருக்கும் ஒட்டும்தான். நால்வருக்கும் இடையில் உறவு எதுவும் இல்லை. ஈலியம்-8 இல் நியூத்திரன்கள் முன்பே எப்படி அமைந்திருந்தன என்பதையும், இரண்டு நியூத்திரனுக்கு இடையில் உள்ள அந்த மயிரிழைக் கவர்ச்சியையும் மட்டும் வைத்தே, நான்குபேர்ப் பரிவு என்று எதையும் சேர்க்காமல், அளந்த கூரைப் போன்ற ஒரு கூர் வருகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பரிசோதனை பிழை என்று அவர்கள் சொல்லவில்லை. கூர் உண்மை, கூரின் பொருள்தான் வழக்கில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்தக் கேள்வி மிகவும் நியாயமானது. பத்திரிகைகள் “புதிய பொருள் நிலை” என்று தலைப்புப் போட்ட வேகத்தில் இது அமுங்கிப் போனது. பைப்பர் சொன்ன 2 க்கும் அளந்த 2.37 க்கும் உள்ள பொருத்தத்தைப் பார்த்து எனக்கும் முதலில் மயிர்க்கூச்செறிந்தது உண்மை. ஆனால் அவரே அது மிக அகலமாக இருக்கும் என்றுதான் எழுதியிருந்தார்.

இதற்கிடையில் மியூனிக்கிலிருந்து இன்னொரு குரல். அங்கே கார்ச்சிங்கில் இருந்த ஆர்முடுக்கியில் இலிதியம்-7 ஐ இலிதியம்-7 இல் மோதி, காபன்-10 ஐப் பிடித்தார்கள். மிஞ்சியது நான்கு நியூத்திரன். 2022 இல் வெளிவந்த அவர்களின் கணக்கில் நான்கும் 0.42 மெ.இ.வோ. அளவுக்குக் கட்டுண்டவை! அப்படியென்றால் அவை செக்கனின் துண்டுதுணுக்கு அல்ல, நிமிடக் கணக்கில் வாழும். பிறகுதான் அவற்றில் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறும். வீடு கட்டியவர்கள். ஆனால் அதன் உறுதி மூன்று சிக்மா மட்டும், ரிக்கென் முடிவோடு ஒத்தும் போகாது. எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் யாராவது மறுபடி செய்து பார்க்கும்வரை மேசையில் இருக்கட்டும்.

எதற்காக இவ்வளவு பாடு? நியூத்திரன்கள் தமக்குள் எப்படி இழுக்கின்றன என்பதை நேராக அளக்க வழி இல்லை. நியூத்திரனால் செய்த இலக்கு கடையில் கிடையாது. ஆனால் வானத்தில் நியூத்திரன் நட்சத்திரங்கள் இருக்கின்றன. சூரியனைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திணிவு, ஆனையிறவில் ஒரு ஓரத்தையும் முறிகண்டிப் பக்கம் மற்ற ஓரத்தையும் வைத்தால் அடங்கக்கூடிய அளவு. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது ஈர்ப்பு. கருவிசை மட்டும் போதாது. உள்ளே எவ்வளவு அமுங்கும், எந்த எல்லையில் கருந்துளையாக இடிந்து விழும் என்பதைக் கணக்கிட நியூத்திரன்களின் தமக்குள்ளான விசை வேண்டும். மூன்றும் நான்கும் ஒருமிக்க இருக்கும்போது புதிதாக ஏதும் விசை சேருகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. பெரியதற்குப் போகும் வழி இந்தச் சின்ன நான்கின் ஊடாகப் போகிறது.

இனிச் செய்ய வேண்டியது நான்கு நியூத்திரன்களையும் நேராகப் பிடிப்பது. முடியாத காரியம் இல்லை. 2023 இல் அதே ரிக்கெனில் ஒட்சிசன்-28 என்ற கருவைக் கண்டார்கள். அது உடனே ஒட்சிசன்-24 ஆகவும் நான்கு நியூத்திரன்களாகவும் உதிரும். அந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கருவியில் பிடித்துத்தான் அதை நிறுவினார்கள். 81 இல் ஒன்று என்று நான் மேலே பயமுறுத்திய வேலை அது. அதே விதமாக ஈலியம்-8 இலிருந்து மிஞ்சும் நான்கையும் பிடித்தால், எந்தெந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் பிரிந்து போயின என்று தெரியும். இரண்டு இரண்டாகக் கைகோத்துப் போயிருந்தால் ஒரே பஸ்ஸில் வந்த சோடிகள். நான்கும் ஒரு நடுவிலிருந்து கலைந்ததுபோல இருந்தால், கொஞ்ச நேரமாவது ஒரே சரைக் கச்சானைச் சுற்றி நின்றிருக்கிறார்கள்.